போட்ட பாதையும் போடாத பாதையும்: ஸ்காட்லாந்தின் சின்ன ரயில்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் போர்ட் ஷெப்ஸ்டோன் – ஹார்டிங் 2 அடிப் பாதையைப் பற்றி எழுதியிருந்தோம். அதில் போகிற போக்கில், "ஸ்காட்லாந்துத் தீவுகளில் திட்டமிட்ட சின்ன ரயில்கள் காகிதத்தோடு நின்றுபோயின" என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இம்முறை அதிகம். அளவுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பிரிட்டனின் பொதுப் பாதை 4 அடி 8½ அங்குலம், அதாவது 1,435 மி.மீ. நம் தென்னாப்பிரிக்காவின் பெரிய பாதை 3 அடி 6 அங்குலம், 1,067 மி.மீ. நம் நேட்டால் கிளைப் பாதைகளின் 2 அடி என்பது 610 மி.மீ.

கேள்வி (உம்சின்டோ வாசகர்): எங்கள் ஊரிலிருந்து டானிபுரூக் வரை ஓடிய சின்ன ரயில் மாதிரி, பொதுமக்கள் டிக்கெட் வாங்கி ஏறிய நேரோ கேஜ் (குறுகிய அகல) ரயில் ஸ்காட்லாந்தில் எத்தனை?

பதில்: நாட்டுப்புறத்தில் ஒன்றே ஒன்று. கிளாஸ்கோ நகரின் சுரங்க ரயில் 4 அடி அகலம்தான். ஆனால் அது நகர வண்டி, இந்தக் கணக்கில் வராது.

அந்த ஒன்று கேம்பல்டவுன் – மாக்ரிஹானிஷ் பாதை. மேற்குக் கரையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கின்டைர் தீபகற்பத்தின் அடிநுனியில், கிழக்குக் கரைத் துறைமுகத்தையும் மேற்குக் கரை மணல்வெளியையும் இணைத்தது. நீளம் ஏறக்குறைய 6 மைல், அகலம் 2 அடி 3 அங்குலம் (686 மி.மீ.). இந்த அகலம் பிரிட்டனில் மிக அபூர்வம். வேல்ஸில் டாலிலின், காரிஸ் போன்ற சில பாதைகளில் மட்டும் காணலாம்.

மாக்ரிஹானிஷ் பக்கம் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1794இல் வெட்டிய கால்வாயில் படகில் போன கரி, 1877 முதல் தண்டவாளத்தில் போனது. அந்தக் கரிப் பாதையைத்தான் திருத்தி, இரு முனையிலும் நீட்டி, 1906 ஆகஸ்டில் பயணிகளுக்குத் திறந்தார்கள். கிளாஸ்கோ பக்கமிருந்து டர்பைன் கப்பல்கள் ஒரே நாளில் போய்த் திரும்பும் உல்லாசப் பயணிகளைக் கொண்டுவரத் தொடங்கியிருந்த காலம் அது. கப்பலில் இறங்கியவர்களை அட்லாண்டிக் கரைக்குக் கொண்டுபோய்க் காட்டி, கப்பல் கிளம்புவதற்குள் திருப்பி அழைத்து வர வேண்டும். ரயிலின் முதல் வேலை அதுதான். அதற்கென்றே கில்மார்னக் ஊரின் ஆண்ட்ரூ பார்க்ளே தொழிற்சாலையில் "ஆர்கைல்", "அட்லாண்டிக்" என்று இரண்டு 0-6-2 (ஓட்டும் சக்கரம் 6, பின்னே துணைச் சக்கரம் 2) டாங்கி இஞ்சின்களைச் செய்து வாங்கினார்கள். பெட்டிகள் விஷா ஊரின் பிக்கரிங் தொழிற்சாலையிலிருந்து வந்தன. நாட்டின் மற்ற ரயில் பாதை எதையும் இது தொடவேயில்லை. இஞ்சின், பெட்டி எல்லாம் கடல் வழியாகத்தான் வந்து இறங்கின.

அழிந்த விதமும் நம்மூர் வாசகர்களுக்குப் பழக்கப்பட்டதுதான். 1920களில் பஸ் வந்தது. ரயில் துறைமுகத்தில் நின்றது. பஸ்ஸோ வீட்டு வாசலில் நின்றது. உல்லாசப் பயணிகள் கோடையில் சில மாதம் மட்டுமே. குளிர்காலச் செலவைத் தாங்கியது கரிதான். 1929இல் சுரங்கம் மூடியதும் அந்தக் காலும் ஒடிந்தது. 1932இல் கதை முடிந்தது.

கேள்வி (ஸ்டாங்கர் வாசகர்): லூயிஸ், ஸ்கை தீவுகளில் ரயில் போடத் திட்டம் இருந்ததாமே? மீன் வளம் கொட்டிக் கிடந்த இடம் என்கிறார்கள். பிறகு ஏன் போடவில்லை?

பதில்: திட்டம் ஒன்றல்ல, பல. அவற்றுள் பெரியது 1898இன் ஹெப்ரிடியன் லைட் ரயில்வே கம்பெனி. ஸ்கை தீவில், தெற்கே ஐல் ஆர்ன்சே துறையிலிருந்து வடக்கே யூக் துறை வரை ஒரு பாதை, டன்வேகனுக்கு ஒரு கிளை. லூயிஸ் தீவில், கிழக்கே ஸ்டோர்னோவே துறைமுகத்திலிருந்து மேற்குக் கரையின் கார்லோவே வரை ஒரு பாதை, பிரியாஸ்கிளீட்டுக்கு ஒரு கிளை. இரண்டு தீவுகளுக்கும் நடுவில் கப்பல்.

வரைபடத்தில் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி நேராகத் தெரியும். ஒரு பெட்டி ஹெர்ரிங் மீனை அதில் ஏற்றிப் பாருங்கள். கார்லோவேயில் படகிலிருந்து ரயிலுக்கு. ஸ்டோர்னோவேயில் ரயிலிலிருந்து கப்பலுக்கு. யூக்கில் கப்பலிலிருந்து ரயிலுக்கு. ஐல் ஆர்ன்சேயில் மறுபடி கப்பலுக்கு. பெருநிலத்தின் மலேக் துறையில் கப்பலிலிருந்து பெரிய ரயிலுக்கு. ஐந்து முறை தூக்கி இறக்க வேண்டும். ஹெர்ரிங் எண்ணெய் நிறைந்த மெல்லிய மீன். தூக்கிப்போடும் ஒவ்வொரு தடவையும் நசுங்கும், விலை இறங்கும். அதே மீனை ஏற்றிய நீராவிப் படகு நேராக ரயில் முனைக்கே போனால் ஒரே ஒரு தடவைதான் இறக்க வேண்டும். ரயில் முனைகளும் அப்போது கடலோரத்துக்கே வந்துகொண்டிருந்தன: கைல் ஆஃப் லோகால்ஷுக்கு 1897இல், மலேக்குக்கு 1901இல். இரண்டு முனையும் கடலைத் தொடுகிற ரயிலுக்குக் கப்பல்தான் போட்டியாளர். கப்பலுக்கோ பாதை போடுகிற செலவே கிடையாது. நம் கணிப்பில் இந்தத் திட்டம் அந்த இடத்திலேயே தோற்றது. மற்றதெல்லாம் அதற்குப் பின்தான்.

அந்த மற்றதும் சின்ன விஷயம் அல்ல. 1896இன் லைட் ரயில்வே (செலவு குறைந்த பாதை) சட்டப்படி அரசு ஒதுக்கியது மொத்தம் 10 லட்சம் பவுண்ட். அதில் விவசாயத்துக்கோ மீன்பிடி ஊர்களுக்கோ உதவும் பாதைகளுக்கான சிறப்பு உதவி 2,50,000 பவுண்ட். பிரிட்டன் முழுவதற்கும் அவ்வளவுதான். ஒரு பாதையின் செலவில் பாதிக்கு மேல் அந்தப் பணத்திலிருந்து தர முடியாது. நிலக்காரர்கள் நிலத்தை இனாமாகவோ வேறு வகையிலோ கொடுத்து உதவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரயில் கம்பெனி பாதையைக் கட்டி ஓட்ட முன்வர வேண்டும். அந்தப் பக்கத்துக்கு ஹைலண்ட் ரயில்வே கம்பெனிதான் கதி. அதுவோ கைல் பாதையின் கடைசிப் பத்துச் சொச்சம் மைலுக்குப் பாறையை உடைத்தே கையைச் சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மலேக் பாதைக்கு 2,60,000 பவுண்ட் முதலுக்கு 3 சதவீத வருமானம் என்று அரசே உத்தரவாதம் கொடுத்தது. பெருநிலத் துறைமுகத்துக்கு அவ்வளவு கொடுத்தபின் தீவுக்குக் கொடுக்க யாருக்கும் மனமில்லை.

1918இல் லூயிஸ் தீவையே விலைக்கு வாங்கிய சோப்பு முதலாளி லீவர்ஹல்ம் பிரபு, ஸ்டோர்னோவேயை மீன் தொழில் நகரமாக்கும் கனவோடு தீவுக்குள் ரயில்களையும் திட்டத்தில் சேர்த்தார். ரயில் வரவில்லை. சாலையில் கொஞ்சம் வந்தது: டால்ஸ்டாவுக்கு அப்பால் காரி ஆற்றின் மேல் ஒரு கான்கிரீட் பாலம் நிற்கிறது, அதைத் தாண்டிச் சாலை தொடரவே இல்லை. 1923இல் அவர் லூயிஸை விட்டுப் போனார். கார்லோவே மீனுக்கு உண்மையில் கிடைத்தது பென்ட்லண்ட் சாலை. ரயில் கடந்திருக்க வேண்டிய அதே சதுப்பு நிலத்தைக் கடந்து ஸ்டோர்னோவேக்குப் போகிறது.

கேள்வி (எஸ்ட்கோர்ட் வாசகி): எஸ்ட்கோர்ட்டிலிருந்து வீனன் வரை எங்களுக்கு 2 அடி ரயில் போட்டார்களே. வீனன் என்ன பெரிய பட்டணமா? இங்கே முடிந்தது அங்கே ஏன் முடியவில்லை?

பதில்: கேட்டீர்களே அம்மா, சரியான கேள்வி. நேட்டாலில் ரயில் காலனி அரசின் சொத்து. கிளைப் பாதை நஷ்டப்பட்டாலும், அது கொண்டுவந்து சேர்க்கும் சரக்கு டர்பன் பெரும்பாதையில் லாபமாக வரும். இரண்டும் ஒரே கல்லாப்பெட்டி. 1907இல் திறந்த வீனன் பாதை 1983 வரை ஓடியது அதனால்தான். ஸ்காட்லாந்தில் கிளை ஒரு கம்பெனி, பெரும்பாதை இன்னொரு கம்பெனி. கிளை தன் டிக்கெட் காசிலேயே வட்டி கட்டியாக வேண்டும். உழைப்புக் கூலியிலும் வித்தியாசம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நேட்டால் அரசு ரயில்வேயில் ஒப்பந்தக் கூலிகளாக மண் சுமந்தவர்களில் சென்னையிலிருந்து கப்பலேறிய நம் ஆட்கள் ஏராளம். அந்தக் கூலி விகிதத்தில் ஸ்காட்லாந்தில் ஒரு மண்வெட்டியும் அசைந்திருக்காது.

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகர்): கார்வ் – உல்லாபூல், குரோமர்ட்டி – டிங்வால், லெட்ஹில்ஸ் ஆகிய மூன்றையும் கட்டாத நேரோ கேஜ் பட்டியலில் சேர்க்கலாமா?

பதில்: மூன்றையும் சேர்க்கக் கூடாது. கார்வ் – உல்லாபூல் பாதைக்கு 1890இல் பாராளுமன்றச் சட்டமே கிடைத்தது, கட்டவில்லை. ஆனால் அது முழு அகலப் பாதை. குரோமர்ட்டியும் முழு அகலம்தான். அதில் சில மைல் தண்டவாளம் போட்டு, முதல் உலகப் போரில் பிடுங்கிக்கொண்டு போனார்கள். லெட்ஹில்ஸ் பாதை 1901 முதல் 1930களின் இறுதி வரை முழு அகலத்தில் ஓடியது. லைட் ரயில்வே என்றால் சட்டப்படி செலவு குறைந்த பாதை: வேகத்துக்கு வரம்பு, அச்சுப் பாரத்துக்கு வரம்பு, வேலி, கேட், சிக்னலில் சலுகை. அகலம் எதுவாகவும் இருக்கலாம். நம்மூர் 2 அடிப் பாதைகளையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு.

கேள்வி (ஃபீனிக்ஸ் கல்லூரி மாணவர்): கட்டாத பாதை எங்கே போயிருக்கும் என்று கண்டுபிடிக்க முடியுமா? டர்பனில் உட்கார்ந்தபடியே செய்ய வழி உண்டா?

பதில்: பாதி வேலையை உட்கார்ந்தபடியே முடிக்கலாம்.

பாராளுமன்றச் சட்டம் கேட்கிற எந்த ரயில் திட்டமும் நவம்பர் 30க்குள் மூன்று காகிதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. ஒன்று, மேலிருந்து பார்க்கும் வரைபடம். இரண்டு, நிலத்தின் மேடு பள்ளத்தையும் பாதை மட்டத்தையும் காட்டும் நெடுக்குவெட்டு. மூன்று, பாதை தொடுகிற ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் எண் போட்டு அதன் உரிமையாளர், குத்தகைக்காரர், குடியிருப்பவர் பெயர் எழுதிய பதிவேடு. 1896 சட்டப்படி போகிற லைட் ரயில்வே மனுக்கள் ஆண்டுக்கு இரு முறை, மே மாதமும் நவம்பரிலும், கமிஷனர்களிடம் போகும். அறிவிப்பு அரசு இதழான எடின்பரோ கெஜட்டில் வரும். ஆகவே கெஜட்டில் தொடங்குங்கள். நவம்பர் இதழ்களை முதலில் புரட்டுங்கள். அறிவிப்பில் பாதை எந்தப் பண்ணையில் தொடங்கி எந்தெந்தப் பாரிஷ் வழியாக எங்கே முடிகிறது என்று ஊர் ஊராக எழுதியிருப்பார்கள். அந்தப் பெயர்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் 6 அங்குல (ஒரு மைலை 6 அங்குலமாகக் காட்டும்) ஆர்ட்னன்ஸ் அரசு வரைபடங்களில் ஒவ்வொன்றாகத் தேடிக் குறியுங்கள். ஒப்படைத்த அசல் வரைபடங்களுக்கு எடின்பரோவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரயில் வரைபடங்களைத் தேட வேண்டிய முதல் இடம் அதுதான்.

அசல் வரைபடம் கிடைத்தால், பாதைக் கோட்டின் இருபக்கமும் புள்ளிக் கோடு இருக்கும். விலகல் எல்லை அது. நாட்டுப்புறத்தில் பக்கத்துக்கு 100 கஜம் வரை, ஊருக்குள் 10 கஜம் வரை பொறியாளர் நகரலாம். மட்டத்தில் 5 அடி வரை மாற்றலாம். நடுக்கோட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அசல் கிடைக்காவிட்டால் வட்டம் வரையும் காம்பஸை எடுங்கள். ரயில் பொறியாளர்கள் பாதை பிடித்ததே இந்த முறையில்தான். ஏற்றம் 40க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 10 மீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு ரயில் 400 மீட்டர் ஓட வேண்டும்; வரைபடத்தில் 8 மி.மீ. காம்பஸை 8 மி.மீ. திறந்து வைத்து, தொடங்கும் இடத்தில் ஒரு காலை ஊன்றி, அடுத்த சமஉயரக் கோட்டை மறுகால் தொடும் இடத்தில் புள்ளி வையுங்கள். அங்கிருந்து அடுத்தது. புள்ளிகளைச் சேர்த்தால் அந்த மலையில் ரயில் போகக்கூடிய கோடு தானாக வந்துவிடும். நம்நாட்டு 1:50,000 தாள்களில் இடைவெளி 20 மீட்டர். அதற்கு 16 மி.மீ. திறக்க வேண்டும். முதலில் ஹார்டிங் பாதையில் பழகிவிட்டு, உங்கள் கோடு உண்மையான பாதையிலிருந்து எங்கே விலகுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓடைகளின் தலைப்பில்தான் விலகும். பொறியாளர் பாலம் போட்டுக் குறுக்கே தாண்டியிருப்பார், உங்கள் காம்பஸ் ஓடையைச் சுற்றிக்கொண்டு போகும்.

தவறு நேர்கிற இடம் இரண்டு. அந்நாளைய தனியார் வரைபடக் கம்பெனிகள், அனுமதி கிடைத்த உடனேயே பாதையை விட்டு விட்டுக் கோடாக அச்சடித்துவிடுவார்கள். கைவிட்ட பிறகும் பல பதிப்பில் அந்தக் கோடு தொடரும். அதை வைத்து "ஓடியது" என்று எழுதிவிடாதீர்கள். இரண்டாவது, மலைச்சரிவில் புல் மூடிய தட்டையான பாதையைக் கண்டதும் ரயில் தடம் என்று நினைப்பது. எஸ்டேட் சாலையாகவோ, எரிக்கிற பீட் மண்ணை வெட்டி எடுத்த வண்டித்தடமாகவோ இருக்கலாம். அடையாளம் ஏற்றம்தான்: வண்டித்தடம் ஓடையில் இறங்கி மறுபடி ஏறும். ரயில் தடம் இறங்காது. அங்கே மண்கரை இருக்கும், அல்லது பாலத்தின் கல்தூண் இருக்கும்.

கேள்வி (போர்ட் ஷெப்ஸ்டோன், ஓய்வுபெற்ற பாயிலர் மேன்): ஏற்றத்தில் ஒரு சின்ன இஞ்சின் எத்தனை டன் இழுக்கும்? ஸ்காட்லாந்து மலைகளில் இந்தக் கணக்கு எப்படி வேலை செய்தது?

பதில்: ஐயாவுக்கு விடை கையிலேயே இருக்கும், மற்ற வாசகர்களுக்காகப் போட்டுக் காட்டுகிறோம்.

ஓட்டும் சக்கரங்களின் மேல் 20 டன் பாரம் உள்ள இஞ்சின். உலர்ந்த தண்டவாளத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கை இழுவிசையாக நம்பலாம்: 4,000 கிலோ. 40க்கு 1 ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னும் 25 கிலோ பின்னால் இழுக்கும். சின்னச் சக்கரமும் லேசான தண்டவாளமும் சேர்ந்து உருளும் தடை இன்னொரு 5 கிலோ. ஆக டன்னுக்கு 30. 4,000ஐ 30ஆல் வகுத்தால் 133 டன். கரியும் தண்ணீரும் சேர்த்து இஞ்சினே 25 டன் என்றால், பின்னால் 108 டன். சமதரையில் இதே கணக்கில் 775 டன் வரும். ஏற்றம் எவ்வளவு தின்கிறது என்று அதிலேயே தெரியும்.

மழை பெய்தால் பிடிமானம் எட்டில் ஒரு பங்காக இறங்கும். 2,500ஐ 30ஆல் வகுத்தால் 83. இஞ்சினைக் கழித்தால் 58 டன். வண்டியில் பாதியைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். நேட்டால் கரும்புப் பாதைகளில் சோகையும் சாறும் தண்டவாளத்தில் அப்பிக்கொண்டு இதே வேலையைச் செய்யும். மணல் பெட்டி உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் காலையில் முதல் வேலை. ஈர மணல் குழாயில் அடைத்துக்கொண்டால் இல்லாததற்குச் சமம். வளைவும் தடை கூட்டும் என்பதால், நல்ல பொறியாளர் கூர்மையான வளைவு வரும் இடத்தில் ஏற்றத்தைக் கொஞ்சம் தளர்த்திவிடுவார். இதை மறந்து கட்டிய பாதையில் வண்டி எப்போதும் அதே வளைவில்தான் நிற்கும்.

ஸ்காட்லாந்தில் இந்தக் கணக்கை மழையில் தினமும் போட்ட பாதை லோகாபர். ஃபோர்ட் வில்லியம் அலுமினியத் தொழிற்சாலைக்கு நீர்மின்சாரம் வேண்டும் என்று லாக் ட்ரெய்க் ஏரியிலிருந்து பென் நெவிஸ் மலையடி வழியாக 15 மைல் சுரங்கம் குடைந்தார்கள். அந்தச் சுரங்கத்துக்குச் சிமெண்டும் கருவியும் ஆட்களும் கொண்டுபோக 1920களின் நடுவில் பால்ஃபர் பீட்டி கம்பெனி போட்ட 3 அடிப் பாதை இது. கடலோரத் துறையிலிருந்து ஏரி வரை மலையின் விலாவில் ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய 20 மைல் போனது. கட்டுமானம் முடிந்ததும் பிடுங்கிவிடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் சுரங்கத்தையும் நீர் வாய்க்கால்களையும் பராமரிக்க வேறு சாலை இல்லை. ஆகவே 1970கள் வரை ஓடியது. ஸ்காட்லாந்தின் நேரோ கேஜில் மிகப் பெரியது இதுதான்; டிக்கெட் விற்றதே இல்லை.

கேள்வி (டோங்காட் வாசகர்): வேட்டைக்காரர்களுக்காக ரயில் போட்டார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான், இரண்டு. பெர்த்ஷயரில் டால்மன்ஸி: 1920இல் சர் ஆர்ச்சிபால்ட் பிர்க்மைர் தன் மாளிகையிலிருந்து மேலே கிளென்லாக்ஸி வேட்டை விடுதி வரை இரண்டரை மைலுக்குப் போட்டது. அகலம் 2 அடி 6 அங்குலம். மோட்டார் ரெயில் கம்பெனியின் சிம்ப்ளெக்ஸ் பெட்ரோல் இஞ்சின்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் குண்டு சுமந்த அதே ரகம். நேராக ஏற முடியாத சரிவில் முன்னும் பின்னுமாகப் போய் ஏறும் ஜிக்ஜாக் முறை அதில் இருந்தது. வான் ரீனன் கணவாயில் நம் ஹாரிஸ்மித் பாதையும் ஆரம்பத்தில் அப்படித்தான் ஏறியது. பிற்காலத்தில் மாளிகை ஓட்டலாகி, விருந்தினரை ஏற்றிக்கொண்டு ஓடி, 1978இல் நின்றது. கிளாஸ்கோவுக்கு மேற்கே ரென்ஃப்ரூஷயரில் டுகல் மூர்: கப்பல் கட்டும் முதலாளி சர் ஜேம்ஸ் லித்கோ 1922இல் போட்ட 2 அடிப் பாதை. கிரவுஸ் பறவை சுட வரும் துரைமார்களைச் சதுப்பில் கால் நனையாமல் மறைவிடத்தில் இறக்கிவிட!

கார்லோவே மீனவனுக்குக் கிடைக்காத ரயில் கிரவுஸ் பறவைக்குக் கிடைத்தது என்று கோபப்படலாம். ஆனால் காரணம் எளிது. தன் நிலத்தில் தன் பணத்தில் போடுகிறவருக்குச் சட்டம் வேண்டாம், பங்குதாரர் வேண்டாம், லாபமும் வேண்டாம். ஸ்காட்லாந்து நாட்டுப்புறத்தில் உண்மையாகவே ஓடிய சின்ன ரயில்களில் பெரும்பாலானவை ஒரே எஜமானனுடையவை: ஸ்கை தீவின் டாரின் பக்கத்திலிருந்து பிராட்ஃபோர்ட் துறைக்குச் சலவைக்கல் சுமந்தது, அதே தீவில் லாக் கூகிர் ஏரியின் டயாட்டமைட் மண்ணைக் கடற்கரைக்கு இறக்கியது, ராசே தீவில் பேர்ட் கம்பெனியின் இரும்புச் சுரங்கப் பாதை. கடைசியாகச் சொன்ன சுரங்கத்தில் முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் கைதிகளை வேலைக்கு வைத்தார்கள்.

கேள்வி (இசிபிங்கோ வாசகர்): நம்மூர் இஞ்சின்கள் கிளாஸ்கோவில் செய்தவை என்பார்களே?

பதில்: பெரிய பாதைக்கு, ஆம். நேட்டால் அரசு ரயில்வேயின் டப்ஸ் ஏ வகை 4-8-2 டாங்கி இஞ்சின்கள் 1888 முதல் கிளாஸ்கோவின் டப்ஸ் தொழிற்சாலையில் பிறந்தவை. 1953இல் வந்த 25ஆம் வகுப்பு கண்டென்சர் (நீராவியை மறுபடி தண்ணீராக்கும்) இஞ்சின்கள் 90இல் 89 அங்கே நார்த் பிரிட்டிஷ் கம்பெனி செய்தவை. 2 அடிப் பாதையின் புகழ்பெற்ற என்.ஜி.ஜி. 16 கேரட் (இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே பாயிலர் அமைந்த) இஞ்சின்களுக்கு ஊர் வேறு; 1937இல் முதலில் செய்தது பெல்ஜியத்தின் காக்கரில், பிறகு மான்செஸ்டரின் பேயர் பீகாக்.

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகர்): கேம்பல்டவுன் பாதையை மாடலாகச் செய்ய ஆசை. எந்த ஸ்கேல், எந்தத் தண்டவாளம்?

பதில்: அதிர்ஷ்டசாலி நீங்கள். ஓஓ (OO) ஸ்கேலில் 1 அடிக்கு 4 மி.மீ. 2 அடி 3 அங்குலம் என்பது 2.25 அடி, 4ஆல் பெருக்கினால் சரியாக 9 மி.மீ. கடையில் கிடைக்கும் N கேஜ் தண்டவாளத்தின் அகலமும் 9 மி.மீ.தான். நம் 2 அடிப் பாதையைச் செய்கிறவர்களுக்கு 8 மி.மீ. வேண்டும், அவர்கள் 9ஐ வைத்துக்கொண்டு சமாதானப்படுகிறார்கள். லோகாபர் செய்தால் 12 மி.மீ., டால்மன்ஸி செய்தால் 10.

ஆனால் N கேஜ் தண்டவாளத்தை அப்படியே போடாதீர்கள். அதன் கட்டைகள் சிறிய ஸ்கேலின் முழு அகலப் பாதைக்குச் செய்தவை. குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும், பார்த்த மாத்திரத்தில் பொய் தெரியும். அதே 9 மி.மீ. அகலத்தில் கட்டைகள் தள்ளித் தள்ளி இருக்கும் 009 தண்டவாளத்தை பீகோ கம்பெனி தனியாக விற்கிறது; அதை வாங்குங்கள். வளைவின் ஆரம் 305 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 228 மி.மீ. வளைவும் கடையில் கிடைக்கும், குட்டி நான்கு சக்கர வண்டி போகும். கேம்பல்டவுனின் நீண்ட போகிப் பெட்டி அதில் பக்கத்து மேடையை உரசும், இஞ்சினின் பின் சக்கரம் தூக்கும்.

டர்பன் ஈரப்பதத்தில் கெடுவது பலகைதான், தண்டவாளம் அல்ல. நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு மீட்டருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு மி.மீ.தான் நீளும், மீட்டருக்கு ஒரு இணைப்பில் அரை மி.மீ. இடைவெளி விட்டால் போதும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையோ மழைக்காலத்தில் ஊதி, குளிர்காலத்தில் சுருங்கித் தண்டவாளத்தையே வளைத்துவிடும். 9 மி.மீ. பிளைவுட் எடுத்து, அறுத்த விளிம்பு உட்பட ஆறு பக்கமும் வார்னிஷ் அடித்த பிறகே ஆணி அடியுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் பலகை பப்படம் மாதிரி வளையும். ஜல்லி ஒட்ட, வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் பசை மேலேயே உருண்டு நிற்கும். பாதை பிரியும் பாயிண்டின் நகரும் நாக்குப் பக்கம் பசை போகாமல் முதலில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (டர்பன் வாசகி): ஸ்காட்லாந்து போகிறோம். இவற்றில் ஏறிப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பதில்: மேலே சொன்ன நாட்டுப்புறச் சின்ன ரயில் எதிலும் ஏற முடியாது அம்மா. லெட்ஹில்ஸுக்குப் போங்கள். மூடிப்போன முழு அகலப் பாதையின் தடத்திலேயே ஆர்வலர்கள் 2 அடித் தண்டவாளம் போட்டு, கோடை வார இறுதிகளில் ஓட்டுகிறார்கள். பழைய பாதையின் உச்சி கடல் மட்டத்துக்கு 1,498 அடி மேலே. புதுத் தண்டவாளம் நம் வீனன் பாதையின் அதே அகலம். ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள். ஓடும் தேதிகளைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், வார நாளில் போனால் கேட் பூட்டியிருக்கும்.